கனடாவில் போல இங்கேயும் வங்குரோத்து அடிக்கலாமா? பன்னிரண்டு இலட்சம் கடன்

முரசுமோட்டையான் எழுதியது:

அண்ணைமார், அக்காமார், வணக்கம். ஊரில் யாரிடமும் வாய் திறக்க முடியாததால்தான் இங்கே பெயர் மறைத்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை பெரியம்மாவின் மகன் கனடாவில் இருந்து கதைத்தார். அவருக்கும் அங்கே கிரெடிட் கார்ட், கார், கடை என்று தலைக்கு மேல் கடன் இருந்ததாம். "வங்குரோத்து அடித்துவிட்டேன்டா, இப்போதுதான் நித்திரை வருகிறது" என்றார். அதைக் கேட்ட நேரத்தில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. இலங்கையிலும் தனி ஆள் ஒருவர், கடன் கட்ட வகையில்லை என்று சட்டப்படி அப்படி வங்குரோத்துப் போடலாமா? எங்கே போக வேண்டும், கச்சேரிக்கா (மாவட்ட செயலகம்), கோட்டுக்கா? போட்டால் வயலும் வீடும் போய்விடுமா?

என் கதை இதுதான். இரணைமடுக் குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல், பேமிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது), அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்தது. 2020இல் லீசிங்கில் லாண்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியும் எடுத்தேன். என் வயலும் உழுது, கூலி உழவும் போனால் தவணை தானாகக் கட்டுப்படும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு பிழையில்லை, அடுத்த வருடம் இரசாயன உரத்தை நிறுத்துவார்கள் என்று யார் கண்டது? அந்தக் காலபோகம் விதைநெல்லுக்கும் காணாது போய்விட்டது. பிறகு டீசல் வரிசை. லீசிங்கை இரண்டு தடவை புதுப்பித்தும் இன்னும் 4 இலட்சத்து 20 ஆயிரம் நிற்கிறது. மனைவி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார், அவர் பெயரில் மூன்று கம்பனிகளில் குழுக்கடன், எல்லாமாக 2 இலட்சத்து 60 ஆயிரம். மருந்துக் கடையில் உரம், களைநாசினி எடுத்த கடன் 1 இலட்சத்து 80 ஆயிரம், அதற்கு என் காசோலை ஒன்றைத் திகதி போடாமல் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன். கடைசியாக, தெரிந்த ஒருவரிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 3 இலட்சம். எட்டு மாதம் வட்டி மட்டும் கட்டினேன், முதல் அப்படியே இருக்கிறது. இது தவிர ஐந்து பவுன் வங்கியில் அடகு.

வட்டிக்காரர் இப்போது சொல்கிறார், மனைவியின் சீதனக் காணியை தன் பெயருக்கு எழுதித் தரட்டாம், காசு முழுக்கத் தந்ததும் திருப்பி எழுதித் தருவாராம். நல்ல மனிதர்தான், கோவில் திருவிழா உபயகாரர். என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

—

கிடுகுவேலி எழுதியது:

நாடே 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்ட மாட்டோம் என்று அறிவித்துவிட்டு நிம்மதியாக இருந்தது. உனக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை தம்பி. பகிடி ஒருபக்கம், அந்தக் காணியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே. உபயகாரரோ யாரோ. மிச்சத்தைத் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள்.

—

ஸ்காபரோ_வன்னியன் எழுதியது:

தம்பி, உங்கள் அண்ணர் நித்திரை கொள்கிறார் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் முழுக்கதையும் சொல்லியிருக்க மாட்டார். நானும் அந்த வங்குரோத்து அலுவலகத்துக் கதிரையில் இருந்து எழும்பினவன்தான், அதனால் சொல்கிறேன்.

இங்கே கனடாவில் அதற்கு மத்திய அரசின் சட்டம் இருக்கிறது, அரசாங்கம் உரிமம் கொடுத்த ட்ரஸ்டி ஒருவரிடம் போக வேண்டும், விளம்பரத்தில் வருகிற 'கடன் ஆலோசகர்' எல்லாம் ட்ரஸ்டி இல்லை, நான் முதலில் ஏமாந்தது அங்கேதான். ட்ரஸ்டி இரண்டு வழி காட்டுவார். ஒன்று வங்குரோத்து. முதல் தடவை என்றால், வருமானம் அவர்கள் போட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால், 9 மாதத்தில் விடுவிப்பார்கள், மேலே இருந்தால் 21 மாதம், அந்தக் காலம் முழுக்க மேலதிக வருமானத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். மாதாமாதம் வரவு செலவுக் கணக்கு அனுப்ப வேண்டும், பிள்ளையின் சப்பாத்து வாங்கின பில் வரைக்கும். மற்றது 'புரபோசல்' என்று சொல்வார்கள், கடன்காரருக்கு நூறு டொலருக்கு முப்பதோ நாற்பதோ தருகிறேன், அதுவும் ஐந்து வருடத்துக்குள் மாதத் தவணையில், என்று எழுதி வைப்பது. வீட்டு மோட்கேஜ் தவிர்ந்த கடன் 250,000 டொலருக்குள் இருந்தால் அதைப் போடலாம். நான் போட்டது அது. போட்ட அன்றே வட்டி நின்றது, போன் அடிப்பது நின்றது, அந்த ஒரு விஷயத்துக்காகவே காலில் விழலாம் போல இருந்தது.

ஆனால் எல்லாக் கடனும் அழியாது. பிள்ளைகளுக்குக் கட்டும் பராமரிப்புப் பணம், கோட் தண்டப்பணம், பொய் சொல்லி வாங்கின கடன், படிப்பை விட்டு ஏழு வருடம் ஆகாத மாணவர் கடன், இதெல்லாம் நிற்கும். பிணை நின்றவரும் தப்ப மாட்டார், நான் கழன்றேன், எனக்குக் கையெழுத்து வைத்த மச்சானைப் பிடித்தார்கள், இன்றுவரைக்கும் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. இன்னொன்று, எங்கள் ஆட்கள் செய்கிற வேலை, வங்குரோத்துப் போட முதல் சொந்தக்காரரின் கடனை மட்டும் இரகசியமாகக் கட்டிவிடுவது. பன்னிரண்டு மாதத்துக்குள் அப்படிக் கொடுத்திருந்தால் ட்ரஸ்டி அந்தச் சொந்தக்காரரிடம் போய்க் காசைத் திருப்பிக் கேட்கலாம். சீட்டுக் கடன் உட்பட எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டும். கடன் அறிக்கையில் ஆறு ஏழு வருடம் அந்தக் கறை நிற்கும், அந்தக் காலத்தில் வாடகைக்கு வீடு எடுப்பதே பெரிய பாடு.

லண்டனில் இருக்கும் என் தங்கச்சியின் வீட்டில் வேறு மாதிரி நடந்தது. அங்கே வங்குரோத்துக்கு 680 பவுண் கட்டி விண்ணப்பிக்க வேண்டும், வழக்கமாக 12 மாதத்தில் விடுதலை. சொத்தும் வருமானமும் பெரிதாக இல்லாதவர்களுக்குக் கடன் நிவாரணக் கட்டளை என்று ஒன்று இருக்கிறது, 2024 ஜூனில் இருந்து 50,000 பவுண் கடன் வரைக்கும் அதில் போகலாம், அதற்குக் கட்டணமே இல்லை. கடன்காரரிடம் இருந்து 60 நாள் மூச்சு விடுகிற அவகாசமும் சட்டத்தில் உண்டு.

இலங்கையில் என்ன என்று எனக்குத் தெரியாது. அண்ணர் சொன்னதை அப்படியே அங்கே கொண்டுவந்து போட முடியாது என்பதற்குத்தான் இவ்வளவும்.

—

பழைய_பதிவறை எழுதியது:

தம்பி முரசுமோட்டையான், நீதிமன்றப் பதிவறையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு வவுனியாவில் ஓய்வாக இருக்கிறேன். சட்டத்தரணி இல்லை, கோப்புகளைச் சுமந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சட்டம் இருக்கிறது. 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க இன்சொல்வன்சிக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். கடனிறுக்க வகையில்லாதவர் மாவட்ட நீதிமன்றத்துக்குத் தானே மனுக் கொடுக்கலாம், கடன்காரரும் கொடுக்கலாம். நீதிமன்றம் பிரகடனம் செய்தால் சொத்தைப் பொறுப்பேற்க ஒருவரை நியமிக்கும், அவர் விற்றுக் கடன்காரருக்குப் பங்கு பிரிப்பார், ஆளை விசாரிப்பார்கள், கடைசியில் நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்தால்தான் பழைய கடனில் இருந்து விடுதலை. கனடாக்காரர் சொன்ன மாதிரி ஒன்பது மாதத்தில் தானாக விடுகிற கதை அதில் இல்லை. அந்தச் சான்றிதழ் கிடைக்கும்வரை கம்பனி இயக்குநராக இருக்க முடியாது, பாராளுமன்ற உறுப்பினராகவும் முடியாது, இரண்டாவது உங்களுக்குப் பெரிய நட்டம் இல்லை என்று நினைக்கிறேன்.

நான் வேலை பார்த்த பதிவறைகளில் வன்னியில் ஒரு விவசாயி இந்தச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டதை நான் கண்ணால் கண்டதில்லை. சட்டத்தரணிச் செலவு, இழுபடுகிற வழக்குத் தவணைகள், பத்திரிகை அறிவித்தல், எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு இலட்சக் கடனுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஆகவே 'வங்குரோத்து அடிக்கலாமா' என்று கேட்பதை விடுங்கள். எந்தக் கடன்காரர் உங்களிடம் சட்டப்படி எதை எடுக்கலாம், எதை எடுக்க முடியாது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கேதான் உங்களுக்குக் கொஞ்சம் நிழல் இருக்கிறது.

முதலில் வயல். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம், அதன் கீழ் வந்த பேமிட் காணியாக இருந்தால் நீதிமன்றத் தீர்ப்பை வைத்து அதைப் பறிமுதல் செய்து விற்க முடியாது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் நீங்களும் யாருக்கும் எழுத முடியாது. பேமிட்டை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் கையில் இருப்பது வெறும் தாள். உங்கள் பேமிட் அப்படி யாரிடமும் இருக்கிறதா? இருந்தால் பிரதேச செயலகத்துக் காணிக் கிளைக்குப் போய்ச் சொல்லுங்கள். பேமிட் உங்கள் பெயருக்கு முறையாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள், "அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள், பின்னுரித்து நியமனம் பதியப்பட்டதா என்பது வேறு கேள்வி. வன்னியில் பாதிப் பேர் இதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு. கடனுக்குத் தீர்ப்பு வந்தாலும் பிஸ்கால் (தீர்ப்பை நிறைவேற்றுகிற நீதிமன்ற அலுவலர்) வந்து அள்ளிக்கொண்டு போக முடியாதவை எவை என்று அதில் வரிசையாக இருக்கிறது. உடுபுடவை, படுக்கை, தொழிற் கருவிகள், விவசாயி என்றால் அவனுடைய உழவுக் கருவிகள், சீவியத்துக்கு வேண்டிய மாடு, விதைநெல். நூற்றாண்டுக்கு மேற்பட்ட சட்டம், விதைநெல்லை நினைத்து வைத்திருக்கிறது பாருங்கள். உங்கள் லாண்ட்மாஸ்டருக்கு இது உதவாது, ஏனென்றால் கடைசித் தவணை கட்டி முடியும்வரை அது லீசிங் கம்பனியின் சொத்து, உங்களுடையதே இல்லை. மனைவியின் ஊழியர் சேமலாப நிதியில் கடன்காரர் கை வைக்க முடியாது.

மூன்றாவது, பொலிஸ். கடன் கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் பொலிஸ் பிடித்து அடைக்க முடியாது. இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் காசோலை வேறு கதை. கணக்கில் காசு இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தில் குற்றம், மறியலும் (சிறை) உண்டு. திகதி போடாமல் கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறீர்களே, உங்கள் கடன்களில் எனக்குப் பயம் தருவது அந்த ஒன்றுதான். தொகையில் அது சிறியது என்று கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு கண்ணி. வங்கியோ நிதிக் கம்பனியோ அதன் கீழ் வழக்குப் போட்டால், சாதாரண வழக்கைப் போல முதலில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு என்று இல்லை, முதலிலேயே நிபந்தனைத் தீர்ப்பு வந்துவிடும், பதில் சொல்ல வேண்டும் என்றால் நீதிமன்ற அனுமதி எடுக்க வேண்டும். அழைப்பாணையைக் கூரையில் செருகி வைத்துவிட்டு வயலுக்குப் போன பல பேரைக் கண்டிருக்கிறேன். கடிதம் வந்த அன்றே சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்கு ஓடுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்காகத்தான் 1978இல் இருந்து அது இருக்கிறது.

நான்காவது, நூற்றுக்குப் பத்து. 1918ஆம் ஆண்டின் காசு கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. வட்டி அளவுக்கு மிஞ்சியது, கொடுக்கல் வாங்கல் கொடூரமானது என்று நீதிமன்றம் கண்டால் பழைய கணக்கைத் திறந்து பார்க்கலாம். உங்களிடம் இருந்து ஏற்கெனவே 2 இலட்சத்து 40 ஆயிரம் வட்டி போய்விட்டது, முதல் 3 இலட்சம். அந்த மனிதர் வழக்குப் போடத் துணிய மாட்டார், அதனால்தான் காணி உறுதி கேட்கிறார்.

அந்த உறுதியைப் பற்றித்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் கேட்பது அறுதி உறுதியா (நிபந்தனை இல்லாமல் முழுக்க விற்கிற உறுதி), குறித்த காலத்துக்குள் காசு கொடுத்தால் திருப்பி எழுதித் தருவேன் என்ற நிபந்தனை உறுதிக்குள்ளேயே எழுதின உறுதியா? இரண்டாவது வகையும் நல்லதில்லை, ஆனால் அதற்கும் ஈட்டுக்கும் (அடமானம்) கடன் இணக்கச் சபை என்று கொழும்பில் ஒன்று இருக்கிறது, 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், நீதி அமைச்சின் கீழ். அசையாச் சொத்தை வைத்து வாங்கின கடனைத் தவணையில் கட்ட இரண்டு தரப்பையும் கூப்பிட்டு இணக்குவார்கள், உறுதியில் போட்ட காலக்கெடு முடிய முன்னமே விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் நாங்கள் இணக்க சபை என்று சொல்கிற மத்தியஸ்த சபை வேறு, இது வேறு, பெயர் ஒன்று போல இருப்பதால் ஆட்கள் மாறிப் போய் நாள் கடத்திவிடுகிறார்கள். அறுதி உறுதி எழுதிவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். பிறகு 'நான் விற்கவில்லை, கடனுக்கு ஈடாகத்தான் எழுதினேன்' என்று நம்பிக்கைப் பொறுப்பு வழக்குப் போட்டு மாவட்ட நீதிமன்றத்தில் பத்து வருடம் நிற்க வேண்டும். வென்றவர்களும் இருக்கிறார்கள். வெல்லும்போது அவர்களுக்குப் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

—

விசுவமடு_அக்கா எழுதியது:

ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் தம்பியின் மனைவியைப் பற்றி யாரும் ஒரு வசனம் எழுதவில்லை. மூன்று கம்பனிக் குழுக்கடன் அவர் பெயரில். கிழமைக்கு மூன்று நாள் யாரோ ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிற்பான், குழுவில் உள்ள மற்றப் பெண்களும் வந்து நிற்பார்கள், ஏனென்றால் இவர் கட்டாவிட்டால் அவர்கள் கட்ட வேண்டும். தொழிற்சாலைக்குப் போய்விட்டு வந்து அதையும் பார்க்கிறார். நீங்கள் வயலில் நிற்பீர்கள்.

எனக்குத் தெரியும், நான் இருந்த இடம் அது. மீள்குடியேறின பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது, 5 இலட்சத்து 50 ஆயிரம் தந்தார்கள், சாமான் விலையும் மேசன் கூலியும் ஏறின நேரம், கூரை போட முதல் காசு முடிந்தது. கூரைக்கு ஒரு கம்பனி. அதைக் கட்ட இன்னொரு கம்பனி. அதைக் கட்ட மூன்றாவது. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கம் பொறுப்பெடுக்கிறது என்று சொன்னார்கள், கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் அதில் இருந்தன. ஓடிப் போய்க் கேட்டேன். மூன்று மாதம் கட்டாமல் விட்டவர்களுக்குத்தானாம். நான் ஒரு கிழமையும் விடாமல் கட்டியிருந்தேன், கடன் வாங்கிக் கடன் கட்டி! என்னோடு இருந்த ஒருத்தி கட்டாமல் விட்டிருந்தாள், அவளுக்குக் கிடைத்தது. அன்றைக்கு வீதியில் நின்று சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை.

சரி, நான் எப்படி வெளியில் வந்தேன் என்று கேட்டால், நாலாவது கடன் எடுக்கவில்லை, அவ்வளவுதான் முதல் வேலை. பிறகு மூன்று கம்பனிக் கணக்கு அட்டைகளையும் ஒரு கொப்பியில் எழுதி, முதல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று பார்த்தேன். எந்தக் கம்பனி மத்திய வங்கியின் கீழ் இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க வேண்டும், 2016இல் வந்த நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் வாங்குகிற கம்பனிகளைத்தான் பிடித்தது, கடன் மட்டும் கொடுக்கிறவர்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியில் நின்றார்கள். மத்திய வங்கிக்குக் கீழே இருந்தால் நீங்கள் கடிதம் எழுதலாம், முறைப்பாடு செய்யலாம், 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், கிளிநொச்சியில் அவர்களின் பிராந்திய அலுவலகமே இருக்கிறது. 2019இல் நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டு வட்டி 35 வீதம் என்று உச்சம் வைத்தது அவர்கள்தான், எங்களைப் போல ஆட்கள் வீதியில் இறங்கின பிறகு.

இரவு ஏழு மணிக்கு வந்து, 'கட்டும்வரை போக மாட்டேன்' என்று கதிரையில் இருந்தவனை நான் எழுப்பி அனுப்பியது எப்படித் தெரியுமா? கிராம சேவகருக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவிக்கும் முன்னமே சொல்லி வைத்திருந்தேன், இரண்டு பேரும் வந்து எதிரே கதிரை போட்டு இருந்தார்கள். யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. பத்து நிமிடத்தில் ஆள் எழும்பிவிட்டான்.

தம்பி, மனைவியைத் தனியே வாசலுக்கு விடாதீர்கள். சனிக்கிழமை நீங்களும் நில்லுங்கள்.

—

லெட்ஜர்_மாமா எழுதியது:

வங்கியில் கடன் பகுதியில் இருந்தவன், பரந்தன் பக்கம். இரண்டு மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

லீசிங் கம்பனிக்கு நீங்களே முதலில் போங்கள், அவர்கள் தேடி வரும்வரை ஒளிக்க வேண்டாம். கையில் எழுத்தில் ஒன்று கொண்டு போங்கள், 'போகம் வெட்டுகிற மாதத்தில் இவ்வளவு, மற்ற மாதங்களில் இவ்வளவு' என்று. விவசாயிக்கு மாதச் சம்பளக்காரன் போல சம தவணை போட்டதே முதல் பிழை, கேட்டால் சிலர் மாற்றித் தருவார்கள். முடியாவிட்டால், பறித்துக்கொண்டு போக விடாமல் நீங்களாகவே ஒப்படைப்பதா, வாங்குகிற ஆளைப் பிடித்துக் கொடுத்துத் தீர்ப்பதா என்று பாருங்கள். பறித்த வாகனம் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகும், மிச்சக் கடன் உங்கள் தலையில்.

'சிஆர்ஐபியில் பெயர் விழுந்துவிட்டது' என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கடன் தகவல் பணியகம் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை, கட்டினதையும் கட்டாததையும் எழுதி வைக்கிற இடம், அவ்வளவுதான், 1990இல் இருந்து இருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டி உங்கள் அறிக்கையை நீங்களே எடுக்கலாம். எடுத்துப் பாருங்கள், நீங்கள் மறந்துபோன பிணைக் கையெழுத்து ஏதாவது இருந்தால் அதிலேயே தெரியவரும். இருக்கும், எங்கள் ஆட்கள் பிணைக்கு இல்லை என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

ஐந்து பவுனைப் பற்றி நான் சொல்வது மனைவிக்குப் பிடிக்காது. மூன்றை மீட்டு விற்றுவிடுங்கள். பவுன் விலை ஏறியிருக்கிற நேரத்தில், அடகுக் கடனைக் கழித்துக் கையில் வருவதை மருந்துக் கடைக்குக் கொண்டு போய்க் காசோலையைக் கையில் வாங்குங்கள். வாங்கி அந்த இடத்திலேயே கிழியுங்கள். மிச்சம் வந்தால் வட்டிக்காரரின் முதலில் போடுங்கள், வட்டியில் போடாதீர்கள், போடும்போது கையெழுத்தோடு துண்டு வாங்குங்கள்.

'ஆறு வருடம் கட்டாமல் இருந்தால் கடன் காலாவதி' என்று யாராவது சொல்லுவார்கள். எழுத்தில் உள்ள கடனுக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று, ஈட்டுக்குப் பத்து, இது 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்மைதான். ஆனால் இடையில் நூறு ரூபா கட்டினாலும், 'தருகிறேன்' என்று ஒரு கடிதம் கொடுத்தாலும் கணக்கு மறுபடி ஒன்றில் இருந்து தொடங்கும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

—

கிடுகுவேலி எழுதியது:

லெட்ஜர் மாமா, தாலிக்கொடியை விற்கச் சொல்லவில்லையே, பிழைத்தோம்.

—

லெட்ஜர்_மாமா எழுதியது:

அதையும் சொல்ல வந்தேன், அக்கா இங்கே நிற்பதால் விட்டேன்.

—

முரசுமோட்டையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை பதில் எழுதாததற்கு மன்னிக்கவும், விதைப்பு வேலை.

மனைவிக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். விசுவமடு அக்கா எழுதினதை வாசிக்கும்போது அவர் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார், கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மூன்று பவுனா, நாலு பவுனா?" என்று மட்டும் கேட்டார். மூன்று விற்றோம். காசோலை இப்போது இல்லை. கடைக்காரர் நாற்பதாயிரம் குறைத்தார், கேட்டிருக்காவிட்டால் குறைத்திருக்க மாட்டார்.

பதிவறை ஐயா கேட்டது சரிதான், பேமிட் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. காணிக் கிளையில் மரணச் சான்றிதழும் சகோதரங்களின் சம்மதக் கடிதமும் கேட்டிருக்கிறார்கள். தங்கச்சி பிரான்சில், அவளிடம் கேட்டிருக்கிறேன்.

லீசிங்காரர் போக முறைத் தவணைக்குச் சம்மதிக்கவில்லை, மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

வட்டிக்காரரிடம் போய், உறுதி எழுத முடியாது, மாதம் பதினைந்தாயிரம் முதலில் கழியட்டும் என்று சொன்னேன். கத்தினார். சீதனக் காணியை நம்பித்தான் காசு தந்தேன் என்றார். 1918ஆம் ஆண்டுச் சட்டம் என்று நான் வாயெடுத்ததும் "யார் உனக்கு இதெல்லாம் சொல்லித் தருவது?" என்று கேட்டார். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் முதல் பதினைந்தாயிரத்தை வாங்கிவிட்டார். துண்டு தர மாட்டேன் என்றுவிட்டார். வங்கி மூலம் அவர் கணக்குக்கே போட்டால் அது துண்டுக்குச் சமமா ஐயா?

—

பழைய_பதிவறை எழுதியது:

சமம், துண்டை விட நல்லது. வைப்புச் சீட்டில் 'கடன் முதல்' என்று குறிப்பு எழுதிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இலக்கம் தர மறுத்தால் அதையும் திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள். ஏற்கெனவே கையில் கொடுத்த பதினைந்தாயிரத்தைப் பற்றி அவருக்கு இன்றே ஒரு தகவல் அனுப்புங்கள், 'நேற்றுத் தந்த 15,000 முதலில் கழிக்கத் தந்தது' என்று. அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

—

விசுவமடு_அக்கா எழுதியது:

தம்பி, மனைவியை ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் புது அங்கத்தவர் சேர்க்கிறோம், உடனே கடன் தர மாட்டோம், முதலில் சேமிப்பு. மூன்று கம்பனிக்கும் நான் எழுதின கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது, பெயரையும் தொகையையும் மாற்றினால் போதும். வரும்போது கணக்கு அட்டைகளைக் கொண்டுவர மறக்க வேண்டாம்.